தார் போட ஒரு நாள்

குன்னூருக்குக் குடிவந்த முதல் வாரம், எங்கள் வீட்டுப் பாதையின் வளைவில் ஒரு மனிதர் குனிந்து புறங்கையைத் தரையில் வைத்துக்கொண்டிருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு நிமிர்ந்தார். கையை ஸ்வெட்டரில் துடைத்தார்.

“ஈரம் உள்ள இருக்குதுங்க தம்பி. மேல காஞ்ச மாதிரித் தெரியும். நம்பக் கூடாதுங்க.”

சாமான் ஏற்றிவந்த என் லாரி ஏன் அந்த ஏற்றத்தில் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறது என்று கேட்கத்தான் நான் போயிருந்தேன். அவர் சொன்னதுதான் அதற்கான பதில் என்று புரியச் சில மழைக்காலங்கள் ஆயின.

அவர் இப்போது இல்லை. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் மேக்கர். வீட்டிலும் அதே பெயர்தான். ‘மேக்கரு எங்க போனாரு, பாத்தீங்களா?’ என்று அவருடைய மனைவியே மேலிருந்து குரல் கொடுப்பார். அந்த அம்மாவை நாங்கள் மேக்கரம்மா என்போம். டீ மேக்கர் என்றால் டீ போடுகிறவர் என்று நினைத்துக்கொண்டு முதல் நாளே, “அப்ப நமக்கு ஒரு டீ போடுங்களேன்” என்றேன். பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதிக் காலம் தள்ளுகிறவன் நேரில் செய்யும் நகைச்சுவை இந்தத் தரத்தில்தான் இருக்கும். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் டீ போட்டு எடுத்துவந்தார்.

பாதையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மெயின் ரோட்டிலிருந்து மேலே ஏறும் தனிப் பாதை அது. வீடு விற்ற தரகர் ‘தனிப் பாதை’ என்பதை அரண்மனை என்கிற மாதிரி உச்சரித்தார். தனிப் பாதை என்றால் அதை யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று பொருள். நகராட்சிக்கு அது தெரியாது. மழைக்கு மட்டும் தெரியும். கீழ்ப்பாதியில் என் வீடு. என் கேட்டைத் தாண்டினால் ஒரு வளைவு, வளைவைத் தாண்டினால் மேக்கர் வீடு. என் கேட் வரைக்கும் பாதை ஏதோ பரவாயில்லை. வளைவில் எப்போதோ யாரோ போட்ட தார் திட்டுத் திட்டாக உரிந்து, ஜல்லி பல்லைக் காட்டி, இடையிடையே பள்ளங்கள். பள்ளத்தில் தண்ணீர், தண்ணீரில் பாசி. டாக்சி எதுவும் என் கேட்டுக்கு மேலே ஏறாது. “அடி தட்டும்ணா” என்பார் டிரைவர். சிலர் இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். அனுபவசாலிகள் இறங்காமலே சொல்வார்கள்.

வளைவுக்குத் தார் போட வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. எப்போது என்பதுதான்.

“ஜனவரில போட்டுரலாமுங்களா?” என்றேன் ஒரு தடவை.

“உறைபனிங்க. காலைல தரை ஐஸாட்டக் கெடக்கும். சூடா கொட்டுனா மேல இறுகும், அடில ஒட்டாது.”

“பிப்ரவரி?”

“பிப்ரவரி மார்ச்சு தங்கமான மாசமுங்க. ஆனா ஆளு சிக்க மாட்டான். கவர்மென்ட் வேலையெல்லாம் மார்ச்சுக்குள்ள முடிச்சு பில்லு போடோணும். ரோலரு பூராவும் அங்கதான் ஓடிட்டிருக்கும். நம்ம வளைவுக்கு எவன் வருவான்?”

“ஏப்ரல் மே?”

“மத்தியானமானா இடி மழை. அதுமில்லாம சீசன். மேட்டுப்பாளையத்துல இருந்து தார் லாரி ஏறி வாரதுக்குள்ள டூரிஸ்ட்டு வண்டிகளுக்குப் பின்னால நின்னு நின்னே ஆறிப் போயிருமுங்க.”

“ஜூன்ல இருந்து சாரல்.”

“ஆமாங்க.”

“அக்டோபர்ல…”

“அதக் கேக்கவே வேண்டாமுங்க.”

“அப்பறம் எப்பத்தானுங்க போடறது?”

அவர் வானத்தைப் பார்த்தார். எதிர்ச்சரிவில் மேகம் தேயிலை மேலே சோம்பலாகப் படுத்திருந்தது. “ஒரு நாளு வரும் தம்பி. வந்தா எனக்குத் தெரியும்.”

பழந்தமிழ் இலக்கணக்காரர்கள் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்து, மலைக்குக் கூதிரையும் முன்பனியையும் ஒதுக்கினார்கள். காதலர்கள் சந்திப்பதற்கு உகந்த காலமாம். தார் போடுவதற்கு உகந்த காலத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் காதலர்கள் நடந்து வந்திருப்பார்கள்.

மேக்கரைச் சோம்பேறி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பாதை ஓரத்து வாய்க்காலில் ஒரு சில்வர் ஓக் இலை தங்க விடமாட்டார். மழை பிடித்துக்கொண்டால் நானெல்லாம் ரஜாயை இழுத்துப் போர்த்துவேன். அவர் ஒரு கையில் குடையும் மறுகையில் மண்வெட்டியுமாக வெளியே வருவார். பள்ளத்தில் நிற்கும் தண்ணீருக்கு வழி வெட்டி வாய்க்காலுக்கு அனுப்புவார். “நடந்து போற தண்ணி தார ஒண்ணும் பண்ணாதுங்க. உக்காந்த தண்ணிதான் திங்கும்” என்பார். பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பார். வாசலிலிருந்து வளைவு வரைக்கும் ஒரு பழைய துடைப்பத்தால் தினமும் பெருக்குவார். செப்பனிடுவதைத் தவிர அந்தப் பாதைக்குச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தார்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு டிசம்பரில் பொறுமை இழந்து, அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, பெரிய பள்ளம் ஒன்றை சிமென்ட்டால் அடைத்தேன். தாருக்கு நடுவில் சிமென்ட் நிற்காது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சரியாகச் சொன்னால், யாரையும் நான் கேட்கவில்லை. பொங்கலுக்குள் அது பொய்ப்பல் மாதிரி முழுசாகக் கழன்று வெளியே வந்து உட்கார்ந்தது. அடுத்த முயற்சி, ஆன்லைனில் வாங்கிய மூட்டைத் தார். மழையிலும் போடலாம் என்று மூட்டை மேலேயே அச்சடித்திருந்தார்கள். அச்சில் வந்ததை நம்புகிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. மறுநாள் காலை அது வாய்க்காலில் கறுப்பு உளுந்து மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மேக்கர் மண்வெட்டியால் அதை வழித்துப் போட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மனைவிதான் சொன்னாள். அவள் சொன்னதை எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

அவருடைய காத்திருப்பு பாதையோடு நிற்கவில்லை. கண்ணில் புரை விழுந்திருந்தது. எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். “முத்தட்டுமுங்க” என்றார் இவர். முத்தினால் எடுப்பதுதான் கஷ்டம் என்று டாக்டர் விளக்கினார். வெளியே வந்து என்னிடம், “நல்ல டாக்டருதான். சின்ன வயசு, அவசரப்படறாரு” என்றார். மகளுக்கு வந்த ஒவ்வொரு வரனையும் நல்ல இடம் என்றே ஒப்புக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நிறுத்திவைத்தார். மகள் கோயம்புத்தூரில் வேலை பார்த்த இடத்தில் தானே ஒருவரைப் பார்த்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனில் சொன்னாள். “இவரு கோவிச்சுக்கலீங்க. ‘அவசரப்பட்டுட்டியே கண்ணு’ன்னு மட்டும் சொன்னாரு. அவளுக்கு அப்ப முப்பத்திமூணு வயசு” என்பார் மேக்கரம்மா, ஒவ்வொரு தடவையும் அதே ஆச்சரியத்தோடு.

ஆனால் தொழிற்சாலையில் அவர் இப்படி இல்லையாம். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் ஒருவர் எனக்குச் சொன்னார். அரைத்த இலையைப் பரப்பி வைத்தால் காற்றுப் பட்டுப் பச்சை போய்ச் செம்பு நிறம் ஏறும். எந்த நொடியில் அதை அள்ளிச் சூட்டில் போடுவது என்று சொல்வதுதான் மேக்கரின் வேலை. முந்தினால் பச்சை வாடை. பிந்தினால் உப்புச் சப்பில்லாத டீ. இவர் ஒரு கை இலையை அள்ளி மூக்கருகே கொண்டுபோவாராம். “போதும், அள்ளு” என்பாராம். ஒருமுறை மேனேஜர் இன்னும் கொஞ்சம் விடலாமே என்றதற்கு, “நீங்க ஆபீசுக்குப் போங்க சார்” என்றாராம். அந்த டீ ஏலத்தில் நல்ல பெயர் வாங்கியதாம்.

அதைக் கேட்டபோது எனக்கு ஒன்று தோன்றியது. இலை அவருக்காகக் காத்திருக்காது. வெளியே மற்றதெல்லாம் காத்திருந்தது. பாதை காத்திருந்தது, கண் காத்திருந்தது, மகள் கொஞ்ச காலம் காத்திருந்தாள். மேக்கரம்மா எல்லோரையும்விட அதிகமாகக் காத்திருந்தார்.

மேக்கரம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தன. சமதரையில் கைத்தடியோடு நடப்பார். வளைவின் இறக்கத்தில், அந்தப் பாசியில், அந்த ஜல்லியில் முடியாது. ஜீப் ஏறுமே என்பார்கள். ஜீப் பாதையில் ஏறும். ஜீப்பில் ஏறுவதற்கு முழங்கால் வேண்டும். ஓர் ஆடி மாதம் மூச்சு முட்டி அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிவந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து டாக்சி டிரைவர்கள் இரண்டு பேர் முன்னும் பின்னும் தூக்கி வளைவைக் கடந்தார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு போனேன். என் பங்களிப்பு எப்போதும் இந்த அளவில்தான். பாதி வழியில் ஒருவருக்குக் கால் வழுக்கி, நாற்காலி சாய்ந்து, அந்த அம்மா சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். திரும்பி வரும்போதும் அப்படியே. வீட்டுக்குள் இறக்கியதும் சொன்னார்:

“சாவறதுக்கு முன்னாலயே நாலு பேரு தூக்கறது எப்பிடியிருக்கும்னு பாத்தாச்சு. இனி உசுரோட என்னய யாரும் தூக்க வேண்டாம். வண்டி வாசலுக்கு வந்தாப் போறேன். இல்லாட்டி ஊட்லயே கெடக்கறேன்.”

சொன்னபடியே கிடந்தார். இரண்டு மழைக்காலம் அந்த வீட்டை விட்டு இறங்கவில்லை. வராண்டாவில் உட்கார்ந்து வளைவைப் பார்ப்பார். “இவரு மழை பாக்கறாரு, நான் இவரப் பாக்கறேன்” என்பார் என் மனைவியிடம்.

மேக்கரம்மாவுக்குக் கூடலூர் தாண்டித் தேவாலாவில் ஓர் அக்கா இருந்தார். கூடப் பிறந்தவர் அந்த ஒருவர்தான். புருஷன் போனபின் மகனோடு இருந்தார். மகனுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் மளிகைக் கடை. அந்த அக்காவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. முதலில் சாமான்களின் பெயர், பிறகு மருமகளின் பெயர். மேக்கரம்மா தினமும் போன் செய்வார். ஒரு நாள் வீடியோ காலில் காட்டினோம், என் போனில்தான். அந்தப் பக்கம் அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “டிவில யாரோ பேசறாங்க. சத்தத்தக் கொறடா” என்றார் மகனிடம். மேக்கரம்மா போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

“நேர்ல போனா அடையாளம் தெரியுமுங்க. கையப் புடிச்சாத் தெரியும். இப்பப் போனாத் தெரியும்” என்றார். மேக்கர் அப்போது பக்கத்தில்தான் நின்றார். “மழை விடட்டும், போட்டுரலாம்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார்.

எனக்கு அந்த நாட்களில் ஓர் அயர்ச்சி இருந்தது. காரணம் பாதை மட்டுமல்ல. துணி காயாது. தீப்பெட்டி உரசாது. என் புத்தகங்களை என்னைவிட அதிகம் படித்தது பூஞ்சைதான். காலையில் எழுந்ததும் போனில் வானிலை பார்ப்பேன். எல்லா நாளும் ஒரே மேகப் படம், ஒரே சாய்ந்த கோடுகள். மேலே போய் மேக்கரிடம் சொல்வேன். அவர் மூக்கை உயர்த்தி இரண்டு தடவை இழுத்துவிட்டு, “இன்னிக்கு இல்லீங்க” என்பார். போனும் மூக்கும் ஒத்துப்போகும். ஒத்துப்போய் என்ன செய்ய?

அந்த ஐப்பசியில் ஒரு பெரிய மனிதர் குன்னூர் வழியாகப் போவதாக இருந்தது. பெரிய மனிதர்கள் வந்தால்தான் மலையில் ரோடு ரோடாகும். மெயின் ரோட்டில் ராத்திரியோடு ராத்திரியாகத் தார் விழுந்தது, தூறலில், மூடுபனியில். காலையில் பார்க்கும்போது எங்கள் பாதை தொடங்கும் இடத்தில் ரோலர் ஒன்றும், ஆவி பறக்கும் லாரி ஒன்றும் நின்றன. தலையில் துண்டு கட்டிய மேஸ்திரி என் கேட்டைத் தட்டினார்.

“சார், மத்தியானத்துக்குள்ள ரோட்டுல ஒரு வண்டி நிக்கக் கூடாதுன்னு உத்தரவு. ரோலர இந்தத் தனிப் பாதைல ஓரமா நிறுத்திக்கட்டுங்களா? ரெண்டு நாளு நிக்கும்.”

“நிறுத்துங்க. மேல வளைவுக்குப் போகாம நிறுத்துங்க. அந்தப் பள்ளத்துல ரோலரே விழுந்துரும்.”

மேஸ்திரி வளைவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “லாரில கலவை மிஞ்சியிருக்குது சார். இதுக்கு மேல ரோட்டுல எங்கயும் போட எடமில்ல. திரும்பக் கொண்டுபோனா லாரிலயே இறுகிப் போயிரும், அப்பறம் கடப்பாரைலதான் பேத்தெடுக்கோணும். எடம் குடுத்ததுக்கு இந்த வளைவுல எறக்கிப் போட்டுடட்டா? வேணுமா வேண்டாமான்னு இப்பச் சொல்லுங்க.”

அது யாருடைய தார், அதை யார் யாருக்குத் தரலாம் என்றெல்லாம் கேட்டிருக்க வேண்டும். இத்தனை மழைக்காலம் வழுக்கி நடந்தவன் அதைக் கேட்கமாட்டான். நான் மேலே ஓடினேன். என்னால் ஓட முடிந்த அளவுக்கு.

மேக்கர் ஏற்கெனவே வளைவில் நின்றிருந்தார். தூறல் ஸ்வெட்டரில் மணிமணியாகக் கோத்திருந்தது. குனிந்து புறங்கையை வைத்தார். எடுத்தார்.

“வேண்டாமுங்க” என்றார். “தண்ணி மேல கொட்டறதும் ஒண்ணு, வாய்க்கால்ல கொட்டறதும் ஒண்ணு. அடியே புடிக்காது. ஒரு மழை தாங்காதுங்க. ஏடு ஏடா எந்திரிச்சு வந்துரும்.”

“அது உண்மைதாங்க ஐயா” என்றார் பின்னாலேயே ஏறி வந்திருந்த மேஸ்திரி. “ஈரத்துல போட்டா கேரண்டி இல்ல. ரோட்டுக்கே இல்ல. ஆனா சூடு போயிட்டிருக்குது.”

“கொண்டு போங்க” என்றார் மேக்கர்.

வராண்டாவில் கைத்தடி சத்தம் கேட்டது. மேக்கரம்மா தூணைப் பிடித்துக்கொண்டு படி ஓரத்துக்கு வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“எத்தன மழை தாங்கும்னு யாரு கேட்டா?” என்றார்.

“ஒண்ணு கூடத் தாங்காதுங்கறேன்.”

“எனக்கு ஒருதடவ போயிட்டு வந்தாப் போதுமுங்க.”

லாரி டிரைவர் கீழே எஞ்சினை முறுக்கினார், அவருக்கு அவசரம். மேக்கர் மனைவியைப் பார்த்தார். பிறகு வளைவைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்ப்பார் என்று நான் எதிர்பார்த்தேன், பழக்கம் அது. பார்க்கவில்லை. கீழே இறங்கிப் போய் லாரியிலிருந்து ஒரு மண்வெட்டிக் கலவையை வழிக்கச் சொன்னார். ஆவி பறக்க அதை முகத்தருகே கொண்டுபோனார். தொழிற்சாலையில் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“இப்பப் போடு” என்றார். “கொண்டா அந்தத் தொடப்பத்த.”

அதன்பிறகு அவரைப் பார்க்க வேண்டுமே. பள்ளங்களிலிருந்த தண்ணீரைப் பெருக்கித் தள்ளினார். என் வீட்டுச் சாக்குகளையெல்லாம் கொண்டுவரச் சொல்லி ஈரத்தை ஒற்றினார். நான் ஒரு பழைய பெட்ஷீட்டோடு நின்றேன், என் மனைவி அதைப் பழையது என்று இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. தார் கொட்டும்போது, “ஓரத்துல இருந்து வா, நடுவுல அப்பறம். அந்தப் பக்கம் சாய்வு குடு, தண்ணி வாய்க்காலுக்குப் போகோணும்” என்று கத்தினார். மேஸ்திரி இரண்டு தடவை, “நாங்களும் இந்த வேலதானுங்க ஐயா செய்யறோம்” என்றார். ரோலர் ஏறி இறங்கியது. மத்தியானத்துக்குள் வளைவு கறுகறுவென்று, ஈரத்தில் பளபளத்துக்கொண்டு, வேறு யாருடைய வீட்டுப் பாதையோ போலிருந்தது.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் குறுக்கே கயிறு கட்டிவிட்டார்.

“இறுகட்டுமுங்க. ரெண்டு நல்ல வெயில் பட்டுரட்டும். அதுவரைக்கும் யாரும் மிதிக்க வேண்டாம்.”

ஐப்பசியில் இரண்டு வெயில். பால்காரர் சரிவில் தேயிலைச் செடிகளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அடுத்த நாள் வெயில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மறுநாள் விடியற்காலையில் என் மனைவி ஜன்னலைத் திறந்துவிட்டு என்னை எழுப்பினாள். காட்டெருமை ஒன்று கயிற்றை அறுத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, வளைவில் நிதானமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் காட்டெருமைக்கு வழி விடுவதுதான் மரியாதை. மேக்கர் தன் வாசலிலும் நான் என் ஜன்னலிலும் மூச்சு விடாமல் நின்றோம். அது மெயின் ரோட்டைக் கடந்து தேயிலைக்குள் மறைந்ததும் அவர் வந்து குளம்புத் தடங்களைக் குனிந்து பார்த்தார். நானும் ஏறிப் போய்ப் பார்த்தேன், ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம் ஆழம்.

அப்போதுதான் தேவாலாவிலிருந்து போன். அக்கா மகன். “சித்தி, அம்மா இன்னிக்குக் காலைல நல்லா இருக்காங்க. உங்க பேரச் சொன்னாங்க. ‘அவ எங்க, அவளக் கூப்புடு’ன்னாங்க. வர முடிஞ்சா இன்னிக்கு வாங்க. நாளைக்கு எப்பிடியோ தெரியல.” மேக்கரம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தார், வளைவு வரைக்கும் கேட்டது.

“இன்னொரு நாளு பொறுத்தா இறுகிரும்” என்றார் மேக்கர், தடங்களைப் பார்த்துக்கொண்டே. குரலில் பலம் இல்லை.

“அத்தன பெரிய எருமை போயிருச்சு. நான் போகக் கூடாதுங்களா?”

மேக்கர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்து, “டாக்சி ஸ்டாண்டுக்குப் போன் பண்ணுங்க தம்பி” என்றார்.

வந்தவர், முன்பு நாற்காலியின் பின்காலைப் பிடித்துத் தூக்கிய டிரைவர்தான். என் கேட்டில் வண்டியை நிறுத்தி வழக்கம்போல் ஹாரன் அடித்தார். நான் மேலே கையைக் காட்டினேன். நம்பாமல் ஏறினார். வண்டி வளைவில் திரும்பி வாசலில் போய் நின்றது. மேக்கரம்மா பட்டுப் புடவை கட்டி, அதற்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, தயாராக நின்றிருந்தார். எப்போது கட்டினார் என்று தெரியவில்லை. தடியை உள்ளே போட்டு, முன் சீட்டில் தானே உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். மேக்கர் உதவப் போனார். “தள்ளுங்க” என்றார் அந்த அம்மா. மேக்கர் பின்னால் ஏறிக்கொண்டார். வண்டி இறங்கியபோது சக்கரத்தடம் இரண்டும் தாரில் பதிந்துகொண்டே வந்தன. மேக்கர் பின்கண்ணாடி வழியாக அதைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் மனைவியின் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊட்டி, பைக்காரா, கூடலூர் வழியாகப் போய்த் திரும்ப ஒரு முழுப் பகல். இருட்டும் நேரத்துக்கு வந்தார்கள். மேக்கரம்மாவை வாசலில் இறக்கிவிட்டு, மேக்கர் டாக்சியிலேயே என் கேட் வரைக்கும் வந்து இறங்கினார். தேவாலாவிலிருந்து எங்களுக்கு ஒரு சீப்பு நேந்திரன் பழம். டிரைவர் போன பிறகும் நின்றார்.

“அக்காவுக்கு அடையாளம் தெரிஞ்சுதுங்களா?” என்றேன்.

“தெரிஞ்சுதுங்க. வண்டி நின்னதுமே பேரச் சொல்லிக் கூப்புட்டா. ரெண்டு பேரும் கையப் புடிச்சுட்டு, சின்னதுல என்னென்னமோ பண்ணுனதெல்லாம் பேசிட்டிருந்தாங்க. சோறு திங்கற வரைக்கும் பேசுனாங்க.” பழச் சீப்பைக் கை மாற்றிக்கொண்டார். “சோறு தின்னு எந்திரிச்சு, எம் பொண்டாட்டி கை கழுவ வெளிய போயிட்டு வந்தா. வாசல்ல நிக்கறவளப் பாத்து அக்கா கேக்கறா, ‘யாரும்மா நீ, மழைல வந்து நிக்கறயே, உள்ள வா’ன்னு.”

“மேக்கரம்மா என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. உள்ள போனா.”

பழச் சீப்பை என் கையில் கொடுத்துவிட்டு அவர் மேலே நடந்தார்.

கார்த்திகை மழையில் வளைவுத் தார், அவர் சொன்னபடியே, ஏடு ஏடாக எழுந்து வந்தது. ஒரு வாரத்தில் அடியிலிருந்த பழைய ஜல்லி மறுபடியும் பல்லைக் காட்டியது. டாக்சிகள் மறுபடியும் என் கேட்டில் நின்றன. மேக்கரம்மா அதன்பிறகு தேவாலாவுக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று கேட்கவும் இல்லை. மழை வெறித்த ஒரு காலையில் மேக்கர் உரிந்த தார்த் துண்டுகளைப் பெருக்கி ஓரமாகக் குவித்துக்கொண்டிருந்தார். மேலே மேக்கரம்மாவுக்கு ஊறுகாய் கொடுக்கப் போன என் மனைவி, அவரைப் பார்க்கப் பாவமாக இருந்ததால், மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னாள்.

“கடைசில நீங்க சொன்னதுதான் சரியாப் போச்சுங்க.”

அவர் பெருக்குவதை நிறுத்தவில்லை.

“தாருக்குச் சரிதானுங்க” என்றார்.